பலூன் அஞ்சியோபிளாஸ்டி: ‘ஊதற்பை’ எண்டா காத்தெல்லோ வருது

அண்ணை, அடைபட்ட இதய நாடிக்குள்ளை பலூனை விட்டு வழி எடுக்கிற பலூன் அஞ்சியோபிளாஸ்டிக்குத் தமிழ்ச் சொல்லா நீங்கள் போட்ட ‘ஊதற்பை நாடிச் சீரமைப்பு’ கேக்க வடிவாத்தான் கிடக்கு, ஆனா எனக்கு ரெண்டு இடத்திலை இடறுது.

ஒண்டு ஊதல். அந்தப் பலூனுக்குள்ளை காத்து அடிக்கிறேல்லை. சேலைனோடை எக்ஸ்ரேயிலை தெரியிற மருந்தைக் கலந்து அதைத்தான் தள்ளுறது, ஏனெண்டா தப்பித்தவறி உள்ளுக்கை வெடிச்சா காத்து நாடிக்குள்ளை போய் ரத்தத்தை மறிச்சுப்போடும். அமுக்கமும் சும்மா இல்லை, கார் ரயருக்கு அடிக்கிறதை விடக் கன மடங்கு. பலூன் எண்டே விடுவம், அது எப்பவோ எங்கடை சொல்லாப் போச்சு.

மற்றது சீரமைப்பு. ரோட்டு வேலை மாதிரிக் கிடக்கு. உங்கை இன்னொருத்தர் எழுதின ‘அடைப்பு நீக்கம்’ அதை விட மோசம், அங்கை ஒண்டையும் நீக்கேல்லை, பலூன் அந்தக் கொழுப்பைச் சுவரோடை நசிச்சு சுவரையும் இழுத்து வழியை அகட்டுது, அவ்வளவுதான். எங்கடை மாமா செய்துபோட்டு வந்த கையோடை “அடைப்பெல்லாம் எடுத்தாச்சு” எண்டு குளிசையை விட்டவர், பேந்து நாங்கள் எல்லாரும் பேசித்தான் திரும்பப் போடத் தொடங்கினவர்.

‘விரிப்பு’ எண்டும் யோசிச்சனான், கட்டில் விரிப்புத்தான் ஞாபகம் வருது. தோட்டத்திலை வாய்க்காலை அகட்டுறம் தானே, அப்ப ‘பலூன் நாடியகட்டல்’ எண்டு வைச்சா என்ன?

ஸ்டென்டை, அதுதான் நாடி திரும்பச் சுருங்காமல் உள்ளுக்கை வைச்சு விடுற வலைக்குழாயை, இதுக்குள்ளை சேர்க்க வேண்டாம். 1977 செப்டெம்பர் 16 சூரிச்சிலை கிரன்ட்சிக் எண்ட வைத்தியர் இதய நாடியிலை முதல் ஆளுக்குச் செய்தது வெறும் பலூன்தான், ஸ்டென்ட் 1986இலைதான் வந்தது, அதுவும் பலூனோடை மட்டும் விட்ட கனபேருக்கு ஆறு மாசத்துக்குள்ளை திரும்பச் சுருங்கினபடியாலை. ரெண்டு வேலை, ரெண்டு சொல்.

தமிழ்நாட்டு ஆக்கள் தமனி எண்டுவினம், பறவாயில்லை, எங்கடை பள்ளிக்கூடப் புத்தகத்திலை நாடி, நாளம் தான். அமெரிக்க மிசனிலையிருந்து வந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலையே யாழ்ப்பாணத்து மானிப்பாயிலை தமிழிலை மருத்துவம் படிப்பிச்சவர், நாங்கள் இப்ப போய் சொல் கடன் வாங்கத் தேவையில்லை.

ஒரு கரைச்சல் மட்டும் கிடக்கு. மாமியிட்டைச் சொல்லிப் பாத்தனான், அவ தன்ரை நாடியை, அதுதான் மோவாயை, தடவிக்கொண்டு “இதையோ அகட்டினவை, மனுசன் நல்லாத்தானே சாப்பிடுது” எண்டா. இதயத்துக்கு ரத்தம் குடுக்கிற நாடிக்குப் புத்தகத்திலை இருக்கிற முடியுருநாடி எண்ட சொல் ஏ.எல். பயோ படிச்ச பிள்ளையளுக்குத்தான் விளங்கும். அதாலை ஊருக்கு ‘இதயநாடி அகட்டல்’, புத்தகத்துக்கு ‘முடியுருநாடி அகட்டல்’, என்ன சொல்லுறியள்? ஸ்டென்டுக்கு நான் ஒரு சொல்லும் கண்டுபிடிக்கேல்லை, அதை நீங்கள் பாருங்கோ.