அத்தையின் யூனிட்டும் அப்பாவின் யூனிட்டும்

முருகன்: எம்-சாண்ட், அதான் கல்லை உடைத்துச் செய்யும் மணல், 4 யூனிட் வந்து இறங்கிவிட்டது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

ராஜேஸ்வரி: வெறும் 4 யூனிட்டுக்கா இவ்வளவு பெரிய லாரி? போன முறை எங்கள் வீட்டு மின்கணக்கே 310 யூனிட்!

அருண்: அத்தை, அது கரண்ட் யூனிட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்று. அப்பா சொல்வது 100 கன அடி.

முருகன்: அதிலும் சூட்சுமம் இருக்கிறது அக்கா. லேசான ஈரம் பட்டால் மணல் உப்பிக்கொள்ளும். டேப் வைத்து அளந்தாலும் பிடிபடாது. காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

அருண்: கல்லூரி ரத்ததான முகாமில் என்னிடம் ஒரு யூனிட் என்று 350 மில்லி எடுத்தார்கள்.

ராஜேஸ்வரி: எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்சுலின் யூனிட்தான். காலையில் 20, ராத்திரி 14. செல்வி, கடையில் இன்று வேறு மருந்து கொடுத்தார்கள், 100 என்று போட்டிருக்கிறது. பழைய ஊசியிலேயே 14 கோடு வரை இழுத்துக்கொள்ளட்டுமா?

செல்வி: அம்மா, போட்டுவிடாதே! ஊசி மூடி என்ன நிறம்?

ராஜேஸ்வரி: சிவப்பு.

செல்வி: அது ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கான ஊசி. உன் கையில் இருப்பது ஒரு மில்லியில் 100. அந்த ஊசியில் 14 வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 35. தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும்.

முருகன்: இரண்டரை மடங்கா!

ராஜேஸ்வரி: அப்படியென்றால் டாக்டர் 14 என்று எழுதியது எதை?

செல்வி: மருந்தின் வீரியத்தை. எத்தனை மில்லி என்பதை அல்ல. 1920களில் டொராண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது அது சுத்தமாக வரவில்லை, எடை போட்டுப் பயனில்லை. அதனால் 2 கிலோ முயலைப் பட்டினி போட்டு, அதன் சர்க்கரையை 45-க்கு இறக்க எவ்வளவு வேண்டுமோ அதை ஒரு யூனிட் என்று வைத்தார்கள். பிறகுதான் அளவுமுறை மாறியது.

ராஜேஸ்வரி: பாவம் அந்த முயல்.

முருகன்: நல்லவேளை, மணலுக்கு முயல் வேண்டாம்.

செல்வி: மாமா, விளையாட்டு அப்புறம். அம்மா, அந்தக் குப்பியைத் தனியாக எடுத்து வை. அருண், டாக்டர் சீட்டோடு கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வர முடியுமா?

அருண்: கிளம்பிவிட்டேன் மதினி. 40 என்று போட்ட குப்பிதானே? பணம் கொடுப்பதற்கு முன் படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.