கறுப்பு மட்டும் விட்டு விட்டு வருது
(குடியிருப்பு ஹாபி குழு, நவம்பர், சனிக்கிழமை)

வித்யா பி-2 (மாலை 5:12)
எல்லாருக்கும் வணக்கம். எங்க டேங்க் பிரிண்டர்ல கறுப்பு மட்டும் கோடு கோடா விட்டு விட்டு வருது. மத்த மூணு கலரும் பளிச்னு இருக்கு. ஹெட் க்ளீனிங் (இங்க் தெளிக்கற ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் பண்றது) மேல மேல ஓட்டியும் அப்படியேதான் இருக்கு. பையன் மிக்-21 போர் விமானத்தோட 1/72 (நிஜத்துல 72-ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கட்டறான், டீக்கால் (தண்ணில நனைச்சு ஒட்டற படம்) நாமளே அடிக்கணும். கிட்ல சோவியத் நட்சத்திரம் மட்டும்தான் இருக்கு, நம்ம விமானப்படையோட வட்டச் சின்னம் இல்ல.

செல்வம் டி-1 (5:15)
முதல்ல ஹெட் க்ளீனிங்கை நிறுத்துங்க வித்யாம்மா. ஒவ்வொரு தடவையும் நல்ல இங்க்கை உறிஞ்சி அடியில இருக்கற வேஸ்ட் பேடுக்குத்தான் அனுப்பும். பேடு நிரம்பிட்டா பிரிண்டர் பூட்டிக்கும், அப்புறம் சர்வீஸ் கடைக்குத் தூக்கணும்.

செல்வம் டி-1 (5:16)
ரெண்டு விஷயம் சொல்லுங்க. டேங்க்ல கறுப்பு எந்த அளவுல நிக்குது? பிரிண்டரை அணைக்கறது அதோட பட்டன்லயா, சுவர் ஸ்விட்ச்சுலயா?

வித்யா பி-2 (5:21)
கறுப்பு கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு அண்ணா. அணைக்கறது சுவர் ஸ்விட்ச்சுல.

செல்வம் டி-1 (5:26)
அப்ப காரணம் ரெண்டுமே இருக்கலாம். பட்டனை அமுக்கினா ஹெட்டு வலது ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடி மேல உட்கார்ந்துட்டுத்தான் அணையும். வேலை நடக்கும்போதோ முடிஞ்ச உடனேயோ சுவர்ல அணைச்சா, இல்ல கரண்ட் போனா, ஹெட்டு நடுவழியில திறந்தபடி நின்னுடும். நாஸில்ல (இங்க் வெளியில வர்ற நுண்ணிய துளை) இருக்கற இங்க் காய்ஞ்சிடும். அதுலயும் இந்த வகை பிரிண்டர் பலதுல கறுப்பு பிக்மென்ட் இங்க், கலர் டை இங்க். டை கரைஞ்ச சாயம், பிக்மென்ட்ல பொடி மிதக்குது, அதனால அதுதான் முதல்ல அடைக்கும். உங்களுக்குக் கறுப்பு மட்டும் போறதுக்கு அது ஒரு காரணம்.

செல்வம் டி-1 (5:28)
ரெண்டாவது, இங்க் கீழ்க்கோட்டுக்குக் கீழ போனா டியூபுக்குள்ள காத்து ஏறும். மூடியைத் தூக்கி, ஹெட்டுக்குப் போற மெல்லிய டியூபு நாலையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கறுப்பு டியூபுல நடுநடுவுல வெள்ளையா இடைவெளி தெரியுதா?

வித்யா பி-2 (5:37)
தெரியுது அண்ணா. ஒரு இடத்துல விரல்கடை நீளத்துக்கு, இன்னொரு இடத்துல சின்னதா.

செல்வம் டி-1 (5:41)
சரி, காத்துதான். இப்படிப் பண்ணுங்க. அதே மாடலுக்கான இங்க் வாங்கி மேல்கோடு வரைக்கும் ஊத்துங்க. நாஸில் செக் (எந்தத் துளை அடைச்சிருக்குன்னு காட்டற சோதனைப் பக்கம்) ஒண்ணு அடிச்சு ஓரமா வெச்சுக்கோங்க, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். அப்புறம் பட்டன்ல அணைச்சு 12 மணி நேரம் தொடாம விடுங்க. அந்த நேரத்துல சின்னக் குமிழி கரையும், காய்ஞ்ச இங்க்கும் கொஞ்சம் இளகும். காலையில மறுபடி நாஸில் செக். இடைவெளி குறைஞ்சிருந்தா ஒரே ஒரு ஹெட் க்ளீனிங். குறையலைன்னா மட்டும் பவர் க்ளீனிங் (நிறைய இங்க் இழுக்கற பெரிய சுத்தம்). அதுக்கு நாலு டேங்க்லயும் மூணுல ஒரு பங்குக்கு மேல இங்க் இருக்கணும், இல்லன்னா அதுவே இன்னும் காத்தை இழுத்துவிடும்.

முஸ்தபா பாய் சி-1 (5:44)
ஊசியில ஸ்பிரிட் ஏத்தி ஹெட்டுல அடிக்கற வீடியோ நிறைய சுத்துது. அதைச் செய்யலாமா செல்வம்?

செல்வம் டி-1 (5:47)
வேண்டவே வேண்டாம் பாய். ஊசி அழுத்தம் ஹெட்டுக்குள்ள இருக்கற மெல்லிய தகட்டைக் கெடுத்துடும். கண்ணாடி துடைக்கற திரவமும் கூடாது. அவ்வளவு அடைச்சிருந்தா ஹெட் க்ளீனிங் லிக்விட்னே விக்குது, அதை மடிச்ச டிஷ்யூல நனைச்சு ஹெட்டுக்கு அடியில வெச்சு ராத்திரி விடறதுதான் முறை. இவங்க கேஸுக்கு அது தேவைப்படாது. சரியானப்புறம் வாரம் ஒரு தடவை நாலு கலரும் இருக்கற மாதிரி ஒரு பக்கம் அடிச்சாப் போதும்.

வித்யா பி-2 (5:50)
ரொம்ப நன்றி அண்ணா. கரண்ட் போய் வந்தா போன்ல பிரிண்டர் "ஆஃப்லைன்"னு வேற காட்டுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிவேதா சி-4 (5:54)
இல்லக்கா, அது வேற. கரண்ட் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துடுது, போன் பழைய ஐபியிலயே தேடுது. ரவுட்டர் அமைப்புக்குள்ள டிஎச்சிபி (ஐபி பிரிச்சுக் கொடுக்கற) பகுதியில அட்ரஸ் ரிசர்வேஷன் இருக்கும். பிரிண்டரோட மேக் அட்ரஸை (அந்தக் கருவிக்கே உரிய எண்) போட்டு ஒரே ஐபியைப் பிடிச்சு வெச்சுடுங்க. பிரிண்டர்ல நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கம் அடிச்சா மேக் அட்ரஸ் அதுல வரும். இன்னொண்ணு, நிறைய பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேண்டு மட்டும்தான் தெரியும். புதுசா சேர்க்கும்போது போனும் அந்த பேண்டுல இருந்தா சிக்கல் வராது. கெஸ்ட் வைஃபையில போட்டா போனும் பிரிண்டரும் ஒண்ணையொண்ணு பார்க்கவே பார்க்காது.

நிவேதா சி-4 (5:55)
டீக்கால் அடிக்கறப்ப மட்டும் யூஎஸ்பி ஒயர் போட்டு லேப்டாப்லேர்ந்து அடிங்க. போன்லேர்ந்து அடிச்சா பக்கத்துக்கு ஏத்த மாதிரி தானா சுருக்கிடும், அளவு மாறிடும்.

ராகவன் ஏ-5 (6:08)
நிவேதா சொன்ன அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். படத்தை பிடிஎஃப் ஆக்கி, அளவு 100 சதவீதம்னு வெச்சு அடிக்கணும். "பக்கத்துக்குப் பொருத்து" இருந்தா எடுத்துடணும். கணக்கு எளிது. நிஜத்துல வட்டம் 90 செ.மீ. இருந்தா 900-ஐ 72-ஆல வகுக்கணும், 12.5 மி.மீ. வரும். அதுல 97 சதவீதமா சுருங்கினா ஏறக்குறைய 0.4 மி.மீ. போயிடும், இறக்கையில வெச்சா கண்ணுக்குத் தெரியும். முதல்ல சாதா பேப்பர்ல அடிச்சு, வெட்டி, மாடல் மேல வெச்சுப் பார்க்கட்டும்.

ராகவன் ஏ-5 (6:12)
நம்ம வட்டத்துல இன்னொரு சங்கதி இருக்கு. வெளியில காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை. வீட்டு பிரிண்டர்ல வெள்ளை இங்க் கிடையாது. தெளிவான டீக்கால் பேப்பர்ல அடிச்சா வெள்ளை வளையம் இருக்க வேண்டிய இடத்துல விமானத்தோட சாம்பல்தான் தெரியும். காவியும் சாம்பல் மேல பழுப்படிச்சுப் போயிடும், ஏன்னா இங்க் ஒளி ஊடுருவறது.

வித்யா பி-2 (6:14)
அப்ப வெள்ளை டீக்கால் பேப்பர் வாங்கணுமா சார்?

ராகவன் ஏ-5 (6:20)
வாங்கலாம். ஆனா 12.5 மி.மீ. வட்டத்தைக் காவிக் கோட்டு மேலயே பிசிறில்லாம வெட்டணும். கத்தரிக்கோல் நடுங்கினா வெள்ளை விளிம்பு காட்டிக் கொடுத்துடும். வெள்ளை பேப்பர்னா வெட்டின விளிம்பை ஒரு காவி மார்க்கரால தடவிடணும்.
எனக்குப் பிடிச்சது வேற வழி. மாடல் மேலயே மாஸ்கிங் டேப்ல 12 மி.மீ. ஓட்டை வெட்டி ஒட்டி, வெள்ளை பெயின்ட் வட்டம் போட்டுடணும். காய்ஞ்சதும் தெளிவான பேப்பர்ல அடிச்ச 12.5 மி.மீ. வட்டத்தை அது மேல உட்கார வைக்கணும். வெள்ளை அரை மி.மீ. சின்னதா இருக்கறதால டீக்கால் மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது. காவியோட வெளி ஓரம் சாம்பல் மேல துளி இருட்டாத் தெரியும், அது கோடு மாதிரி அமைஞ்சு நல்லாவே இருக்கும்.

நிவேதா சி-4 (6:23)
அங்கிள், தெருமுனை ஜெராக்ஸ் கடையில லேசர்ல அடிச்சா இன்னும் கூர்மையா வருமே?

ராகவன் ஏ-5 (6:27)
வரும். லேசர் டோனர் தண்ணில கரையாது, அது பெரிய வசதி. ஆனா லேசர் டீக்கால் பேப்பர்னு தனியா இருக்கு, அதைத்தான் கொண்டு போகணும். இங்க்ஜெட் டீக்கால் பேப்பரை லேசர்ல விட்டா ஃப்யூசர் (டோனரை உருக்கி ஒட்டற பாகம்) சூட்டுல அதோட பூச்சு உருகி உருளையில ஒட்டிக்கும். அந்தக் கடைக்காரரோட மெஷினே போயிடும். உறையைக் காட்டாம யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது.

செல்வம் டி-1 (6:29)
சத்தியமான வார்த்தை சார். ஃப்யூசர் மாத்தற செலவு ஒரு சின்ன பிரிண்டர் விலைக்கு வரும்.

வித்யா பி-2 (6:33)
இங்க்ஜெட்லயே போறோம். அடிச்சதும் உடனே தண்ணில போடலாமா?

ராகவன் ஏ-5 (6:41)
கூடாதும்மா. டை இங்க் தண்ணி பட்ட நொடியே ஓடிடும். அடிச்சதை ஒரு ராத்திரி காய விட்டு, மேல கிளியர் லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ் மாதிரி) ஸ்பிரே போட்டு மூடணும். 20-25 செ.மீ. தூரத்துலேர்ந்து. முதல் கோட் பனி தூவின மாதிரி, பேப்பர் நனையவே கூடாது. நனைஞ்சா லாக்கரே இங்க்கைக் கலைக்கும். 20 நிமிஷம் விட்டு ரெண்டாவது, அப்புறம் மூணாவது. மறுபடி ஒரு ராத்திரி காயணும்.
ஆனா இந்த மழையில லாக்கர் அடிக்கறதுதான் இதுல இருக்கற பெரிய தொல்லை. லாக்கர்ல இருக்கற கரைப்பான் வேகமா ஆவியாகும், அதனால பரப்பு குளிரும். காத்துல ஈரம் நிறைய இருந்தா அந்தக் குளிர்ல நீர் படிஞ்சு பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். டீக்கால் மட்டுமில்ல, மாடல் மேல அடிச்சாலும் இதே கதைதான்.

முஸ்தபா பாய் சி-1 (6:44)
கடைக்கு வர்ற பெயின்டர்களும் மழை நாள்ல இதைத்தான் சொல்லுவாங்க. மர பாலிஷ்லயும் இப்படி வெளுக்கும். ரிடார்டர் கலந்து அடிப்பாங்க, மெதுவா காயும், வெளுக்காது.

ராகவன் ஏ-5 (6:50)
அதேதான் பாய். மாடல் பெயின்ட்ல அந்த வேலையை லெவலிங் தின்னர் செய்யும், அதுல ரிடார்டர் கலந்தே வருது. ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் தூவற சின்னத் துப்பாக்கி) இருந்தா அதைக் கலந்து அடிக்கலாம். வெளுத்துப் போன இடத்துல அந்தத் தின்னரை மட்டும் மெல்லிசா தூவினா பூச்சு மறுபடி இளகி ஈரம் வெளியேறி தெளிஞ்சிடும். ஆனா மாடல் மேல இருக்கற பூச்சுக்குத்தான் இந்த வைத்தியம். டை இங்க் அடிச்ச டீக்கால் பேப்பர்ல பண்ணினா படம் கலைஞ்சிடும்.
ஸ்பிரே கேன்தான்னா, வித்யா, ஒரு ஈரமானி வாங்கி வைங்க, பெரிய விலை இல்ல. 70 சதவீதத்துக்கு மேல காட்டினா அன்னிக்கு அடிக்காதீங்க. மத்த நாள்ல பேப்பருக்குப் பால்கனியில சட்டுனு ஒரு கோட் அடிச்சு, உடனே அறைக்குள்ள கொண்டு வந்து காய விடுங்க. ஏசி காத்துல ஈரத்தை எடுத்துடும். ஆனா ஏசி அறைக்குள்ள ஸ்பிரே அடிக்கவே கூடாது, அதே காத்துதான் சுத்தும். பக்கத்துல அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் எரியக் கூடாது. அடிக்கறவங்க முகத்துல கரி வடிகட்டி வெச்ச மாஸ்க்.

வித்யா பி-2 (6:53)
புரியுது சார். பேப்பர்லேர்ந்து எடுத்து ஒட்டறது?

ராகவன் ஏ-5 (7:05)
ஒட்டற இடம் பளபளப்பா இருக்கணும். மேட் பெயின்ட் நுண்ணோக்கில பார்த்தா மேடுபள்ளம். அதுல டீக்கால் ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும். அதனால முதல்ல கிளாஸ் கோட் (பளபளப்பான தெளிவுப் பூச்சு). தண்ணி நம்ம போர் தண்ணி வேண்டாம், காய்ஞ்சதும் உப்பு வட்டம் நிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கற டிஸ்டில்டு வாட்டர் இதுக்கு அருமை.
கோட்டு ஓரமா வெட்டி, 20 விநாடி முக்கி, டிஷ்யூ மேல ஒரு நிமிஷம் வைக்கணும். விரலால தள்ளினா நகரணும், நகரலைன்னா இன்னும் பொறுக்கணும், பிடுங்கக் கூடாது. இடத்துல மைக்ரோ செட் (டீக்காலைப் பிடிக்க வைக்கற திரவம்) தடவி, டீக்காலை நகர்த்தி உட்கார வெச்சு, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா தூரிகையால தண்ணியை ஒத்தி எடுக்கணும். அப்புறம் மேல மைக்ரோ சோல் (டீக்காலை இளக்கற திரவம்). பாட்டில் லேபிள் நீலம்னா செட், சிவப்புன்னா சோல், மாறிடக் கூடாது. சோல் பட்டதும் டீக்கால் சுருங்கிக் கசங்கும், பையன் பதறித் தொடுவான். தொட விடாதீங்க. காயக் காய தானா இழுத்துக்கிட்டு பேனல் கோட்டுக்குள்ள (தகடு சேர்ற இடத்துல இருக்கற பள்ளக் கோடு) இறங்கும். வீட்டுல அடிச்சது லாக்கர் பூச்சால கொஞ்சம் தடிமன், அதனால மூணு நாலு தடவை சோல் கேக்கும். குமிழி நின்னா மெல்லிய ஊசியால குத்தி மறுபடி ஒரு சொட்டு.

நிவேதா சி-4 (7:08)
அக்கா, காக்பிட் கண்ணாடி ஒட்டியாச்சா? ஃபெவிக்விக் போட்டுடாதீங்க.

வித்யா பி-2 (7:10)
இன்னும் இல்ல. அதைத்தான் போடறதா இருந்தான். ஏன்?

நிவேதா சி-4 (7:13)
அது சயனோஅக்ரிலேட். இறுகறப்ப வர்ற ஆவி கண்ணாடி உள்பக்கம் படிஞ்சு வெள்ளைப் புகையா நின்னுடும், மூடினப்புறம் துடைக்க வழியே இல்ல. சாதா வெள்ளை ஃபெவிகால் குண்டூசி முனையில தொட்டு ஓரமா வைங்க. காய்ஞ்சா தெளிவாயிடும், தப்பா உட்கார்ந்தாலும் ஈரத் துணியால எடுத்துடலாம். உடம்பு பாகத்துக்கு எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும். கண்ணாடிப் பக்கம் அதுவும் வேண்டாம்.

முஸ்தபா பாய் சி-1 (7:17)
என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான தின்னர்) கேட்டுப் பசங்க கடைக்கு வராங்க, மாடலுக்குன்னு. கொடுக்கலாமா சார்?

ராகவன் ஏ-5 (7:22)
ஏர்பிரஷ் கழுவ மட்டும் கொடுங்க பாய். அது ரொம்பக் கடுமை, வெறும் பாலிஸ்டைரீன் (கிட் பிளாஸ்டிக்) மேல பட்டா பரப்பு வெடிச்சு சொரசொரப்பாயிடும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல அசிட்டோன் இருந்தா அதுவும் அப்படித்தான். டாமியா அக்ரிலிக் பெயின்ட் நீர்க்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். கழுவின தின்னரை சிங்க்ல ஊத்தாம மூடி போட்ட பாட்டில்ல சேர்த்து வைக்கச் சொல்லுங்க. கலர் அடியில தங்கினதும் மேல இருக்கறதை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம்.

வித்யா பி-2 (7:26)
சரி சார். இன்னிக்கு இங்க் ஊத்தி வெச்சுட்டு, காலையில நாஸில் செக் படம் இங்க போடறேன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் எங்ககிட்ட இல்ல.

முஸ்தபா பாய் சி-1 (7:28)
கடையில ஒரு லிட்டர் கேன் இருக்கும்மா. பையனை அனுப்புங்க, ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும்.