‘துளையுடலி’ வேண்டாம், ஃபொராமினிஃபெராவுக்குப் ‘புழையோட்டுயிரி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். ஃபொராமினிஃபெரா என்பவை ஓடு கட்டி வாழும் ஒருசெல் உயிரிகள், பெரும்பாலும் கடலில் வாழ்பவை. இவற்றுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் உரையாடலில் வந்த இரு கருத்துகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> ஃபொராமென் என்றால் துளை. ஆகவே ‘துளையுடலி’ அல்லது ‘துளைதாங்கி’ என்பதே நேரான பெயர்.

‘துளையுடலி’ ஏற்கெனவே பாடநூல்களில் கடற்பஞ்சுகளுக்கு உரிய பெயராகிவிட்டது. ஒருசெல் உயிரிக்கும் அதையே சூட்டினால் மாணவர்கள் குழம்புவார்கள். ‘துளைதாங்கி’யில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எந்தத் துளை என்ற கேள்விக்கு அது தவறான விடையைத் தருகிறது.

1826-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பின்யி ஃபொராமினிஃபெரா என்ற பெயரை இட்டபோது, இவற்றைத் தலைக்காலிகளின் (கணவாய், நாட்டிலஸ் போன்றவற்றின்) ஒரு பிரிவாகவே கருதினார். நாட்டிலஸ் ஓட்டின் அறைகளை ஒரு குழாய் ஊடுருவிச் செல்லும். இவற்றில் குழாய் கிடையாது. அறைக்கும் அறைக்கும் இடையிலுள்ள தடுப்பில் திறப்பு மட்டும் உண்டு. அவர் சுட்டியது அந்தத் திறப்பை. இவை மிக எளிய உயிரிகள், தலைக்காலிகள் அல்ல என்பதை 1835-இல் பிரெஞ்சு உயிரியலாளர் டுஜார்டின் காட்டினார். வகைப்பாடு மாறியது, பெயர் நிலைத்துவிட்டது.

‘துளை’ என்று படிப்பவரோ ஓட்டின் சுவரெங்கும் துளைகள் இருப்பதாகத்தான் எண்ணுவார். புதைபடிவ ஓடுகளைக் கொண்டு தொல்சூழலை அறிய முனைபவர் முதலில் பார்ப்பதே அந்தச் சுவரைத்தான் என்பதால் இதை நான் சிறு பிழையாக நினைக்கவில்லை. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சுண்ணச் சுவரில் நுண்துளைகள் உண்டு. மிலியோலிட் வகையின் வெண்பீங்கான் போன்ற சுவரில் பொதுவாக அவை இல்லை. இவ்வகை மிகுந்திருந்தால், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலோ உப்பு மிகுந்த காயலோ அங்கே இருந்திருக்கலாம். மூன்றாவது வகை மணல் துகள்களை ஒட்டவைத்துச் சுவர் கட்டுகிறது. ஒரு படிவில் இந்த மணற்சுவர் ஓடுகள் மட்டுமே கிடைத்தால், அது கரையோர உப்புச் சதுப்பாக இருந்திருக்கலாம். அல்லது சுண்ண ஓடுகள் கரைந்துபோகும் ஆழத்துக்கும் கீழான கடலடியாகவும் இருந்திருக்கலாம். எது என்பதை இனங்களும் சுற்றியுள்ள பாறையும் சொல்லும். இப்படிச் சுவரை வைத்துப் பிரிக்க வேண்டிய கூட்டம் முழுவதற்கும் ‘துளை’யைப் பொதுப்பெயராக்குவது சரியல்ல.

> அப்படியென்றால் ‘அறையோட்டி’ எனலாமே?

அழகான சொல். ஆனால் இவற்றுள் லாகேனா என்ற பேரினம் போன்றவற்றுக்கு ஒரே அறைதான். தடுப்பே இல்லாத ஓட்டிலும் வாய்த்திறப்பு இருக்கிறது. செல்லின் இழைக்கால்கள் வெளியே நீள்வது அதன் வழியாகத்தான். ஆகவே அறையைவிடத் திறப்பே பொதுவான அடையாளம்.

என் பரிந்துரை: புழையோட்டுயிரி. ‘புழை’ வெறும் பொத்தல் அல்ல. ஊடே சென்றுவரும் வழி என்ற பொருளும் அதற்கு உண்டு. யானையின் துதிக்கையைப் புழைக்கை என்றார்கள். புழைக்கடை இன்றும் பேச்சில் ‘புழக்கடை’யாக வாழ்கிறது. ஓட்டின் வாயை ‘வாய்ப்புழை’ என்றும், தடுப்பிலுள்ள திறப்பை ‘இடைப்புழை’ என்றும் இதே வேரிலிருந்து ஆக்கிக்கொள்ளலாம்.

சொல் நீளம் என்ற குறை வரும். பழங்காலக் கடலை ஓடுகளால் ஆராய்ந்த இருவரைப் பற்றிய வாக்கியங்களில் வைத்துப் பார்த்தால் தாங்குகிறதா என்று சோதித்தேன் (‘மிதவை’ நீரில் மிதந்து வாழும் வகை, ‘கடலடி’ அடித்தளத்தில் வாழும் வகை):

“எமிலியானி 1955-இல் மிதவைப் புழையோட்டுயிரிகளின் ஓட்டில் பனியூழிகளை ஒட்டிக் காணும் ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகைகள்) விகித மாற்றத்தைப் பெரும்பாலும் வெப்பநிலை மாற்றமாகக் கொண்டார். கடலடிப் புழையோட்டுயிரிகளிலும் ஏறத்தாழ அதே அளவு மாற்றம் இருப்பதை 1967-இல் ஷாக்கிள்டன் எடுத்துக்காட்டினார். ஆழ்கடல் நீர் இன்றே உறைநிலையை ஒட்டி இருப்பதால், பனியூழியில் அது மேலும் அவ்வளவு குளிர்ந்திருக்க முடியாது. எனவே மாற்றத்தின் பெரும்பங்கு, எடை குறைந்த ஆக்சிஜனை நிலத்துப் பனிப்படலங்கள் பிடித்துவைத்ததால் வந்தது.”

எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. மிதவை, கடலடி என்ற அடைமொழிகள் எளிதாக ஒட்டுவதே முக்கியம். பழைய கடலின் ஆழத்தைக் கணிக்கவும் இவ்விரண்டின் விகிதம் வேண்டும்: கரையிலிருந்து விலகி ஆழம் கூடக்கூட மிதவை வகையின் பங்கு பொதுவாக ஏறும். ஆனால் மிக ஆழத்தில் மெல்லிய மிதவை ஓடுகள் முதலில் கரைவதால் அந்தக் கணக்கு பிறழும்.

‘கடலடி’க்குப் பதில் ‘தரைவாழ்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ‘தரை’ என்றதும் நிலம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் நான் ‘கடலடி’யைத் தேர்ந்தேன். கழிமுகச் சேற்றில் வாழ்பவற்றுக்கும் அது பொருந்துமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இதைவிடச் சரியான சொல் தோன்றினால் எழுதுங்கள்.