முள்ளங்கியில் இலை செழிக்கிறது, கிழங்கு மட்டும் பருக்கவில்லை: காரணம் என்னவாக இருக்கும்?

கேட்டவர்:

வணக்கம். வளர்பைகளில் நீள வெள்ளை முள்ளங்கி விதைத்து இன்றோடு 42 நாட்கள் ஆகின்றன. 45 முதல் 50 நாட்களில் பிடுங்கலாம் என்று விதை உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். இலைகள் ஒரு முழ உயரத்துக்குக் கரும்பச்சையாக நிற்பதால், கிழங்கும் அதற்கேற்பப் பருத்திருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று ஆறு செடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது, நான்கில் பென்சில் பருமனுக்கு மேல் வேர் இல்லை. மற்ற இரண்டில் வேர் கவட்டைபோல் பிரிந்து கோணலாகக் கிடந்தது. பூச்சி அரித்த தடமோ, அழுகலோ, வேரில் முடிச்சுகளோ தென்படவில்லை. வாரம் ஒரு முறை கடலைப் பிண்ணாக்குக் கரைசலைத் தவறாமல் ஊற்றி வருகிறேன். சத்துப் போதவில்லையா, விதை தரமற்றதா? கிழங்கு பருக்க என்ன உரம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான்கு விவரங்கள் தேவைப்படுகின்றன. பையின் அகலமும் ஆழமும் எவ்வளவு, ஒரு பையில் எத்தனை செடிகள் நிற்கின்றன, நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, விதையைப் பையிலேயே ஊன்றினீர்களா அல்லது நாற்று விட்டு எடுத்து நட்டீர்களா? கடைசிக் கேள்வியை அந்தக் கவட்டை வேர்களுக்காகவே கேட்கிறேன்.

கேட்டவர்:

பை 30 செ.மீ. அகலமும் அதே அளவு ஆழமும் உடையது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 செடிகள் உள்ளன. முளைத்த எதையும் பிடுங்க மனம் வரவில்லை. வெயில் காலையில் நான்கு மணி நேரம் விழும், அதன் பிறகு சுவர் நிழல் வந்துவிடும். கத்தரிக்கும் தக்காளிக்கும் செய்வதுபோலவே, இதையும் நாற்றுத் தட்டில் விதைத்து, வீட்டுக்குள் சன்னலோரம் வைத்து, 18-ஆம் நாள் எடுத்து நட்டேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மறுமொழி 2:

எனக்கும் இப்படி ஆனது உண்டு. கிழங்குப் பயிருக்குச் சாம்பல் சத்துத்தான், அதாவது பொட்டாசியம்தான், முக்கியம். ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலைச் செடியைச் சுற்றித் தூவி மண் அணைத்துப் பாருங்கள்.

மறுமொழி 1:

சாம்பல் சத்து கிழங்குக்குத் தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பையில் குறைவது அதுதான் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை; அப்படிக் குறைந்திருந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுத்துக் கருகத் தொடங்கியிருக்கும். தவிர, விறகுச் சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். முள்ளங்கிக்கு மண்ணின் அமில காரநிலை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது நல்லது; அதற்கு மேல் போனால் போரான் சத்து வேருக்கு எட்டாமல், கிழங்கின் உட்புறம் பழுப்பேறும் வேறொரு தொல்லை தொடங்கும்.

இப்போது கேட்டவரின் பைக்கு வருகிறேன். முள்ளங்கியில் நாம் கிழங்கு என்று அழைப்பது, செடி தன் எதிர்காலத் தேவைக்காகச் சேர்த்து வைக்கும் இருப்பு. இலைகள் வெயிலில் தயாரிக்கும் உணவில், அன்றாட வளர்ச்சிக்குப் போக மிஞ்சுவதுதான் கீழே இறங்கிச் சேர்கிறது. உங்கள் செடிகளுக்கு மிச்சம் பிடிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. நீள வகைக்குச் செடிக்குச் செடி குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பதால், உங்கள் பை ஆறு செடிகளுக்குத்தான் போதும்; 20 செடிகள் நிற்கும்போது ஒவ்வொன்றும் அடுத்ததன் நிழலிலிருந்து தப்பிக்க இலையையும் காம்பையும் உயர்த்துவதிலேயே உணவைச் செலவழிக்கிறது. ஒரு முழ உயர இலை உங்களுக்குச் செழிப்பாகத் தெரிகிறது. எனக்கு அது நெருக்கடியின் அடையாளமாகத் தெரிகிறது. பிண்ணாக்குக் கரைசலில் மிகுந்திருப்பது தழைச்சத்து ஆகையால், அதுவும் இலைக்கே துணைபோயிருக்கிறது. நான்கு மணி நேர வெயிலும் குறைவுதான், ஆறு மணி நேரமாவது வேண்டும்.

கவட்டைக்குக் காரணம் நாற்று நடவு. முளைத்த சில நாட்களிலேயே ஆணிவேர் நேராகக் கீழே இறங்கிவிடும். 18-ஆம் நாள் பெயர்க்கும்போது அதன் நுனி அறுந்திருக்கும், அல்லது குழியில் மடங்கியிருக்கும். நுனி போன பின் பக்கவேர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வேர் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறது. தக்காளிக்கு இந்தச் சேதத்தால் நட்டமில்லை, ஏனெனில் அங்கே நாம் வேரைத் தின்பதில்லை.

ஆகவே விதையின் மேல் பழி போட வேண்டாம், எந்த உரமும் வாங்க வேண்டாம்.

மறுமொழி 3:

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். செடியின் நடுக்குருத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கே மொட்டுத் தெரிந்தால் அந்தச் செடி பூந்தண்டு விடத் தயாராகிவிட்டது என்று பொருள். அதன் பிறகு கிழங்கு பருக்காது, இருப்பதும் உள்ளே பஞ்சுபோல் நெட்டியாகிவிடும். குளிர்ந்த பருவத்தில் நன்றாகப் பருக்கும் வகைகள் வெப்பமும் நீண்ட பகலும் சேரும்போது இப்படித் தண்டு ஓடிவிடுகின்றன.

கேட்டவர்:

மொட்டு எதுவும் இல்லை. இருக்கும் செடிகளைக் காப்பாற்ற வழி உண்டா?

மறுமொழி 1:

ஒரு பகுதியைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு செடியின் அடியிலும் மண்ணை விரலால் விலக்கி, ஓரளவு பருத்து நேராக இருக்கும் ஆறு செடிகளை மட்டும் விட்டு, மற்றவற்றை மண் மட்டத்தில் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். பையை வெயில் விழும் இடத்துக்கு மாற்றி, கரைசலை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் பொறுத்திருங்கள். ஆயினும் இவற்றிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு பையில் புதிதாக விதைப்பதே பயன் தரும்.

இம்முறை 1 செ.மீ. ஆழத்தில், குழிக்கு மூன்று விதைகள் வீதம் நேரடியாக ஊன்றி, விதையிலைக்கு அடுத்த முதல் இலை விரிந்ததும் குழிக்கு ஒன்றை நிறுத்துங்கள். முள்ளங்கி வளர்ப்பில் கடினமான வேலை இந்தச் செடி கலைப்புத்தான். கைக்கு வேலை குறைவு, மனத்துக்குத்தான் அதிகம். ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் விதையிலைகளுக்குக் கீழே, மண்ணை ஒட்டிய பகுதியின் மெல்லிய தோல் நெடுக்காகக் கிழிந்து இருபுறமும் தொங்குவதைக் காண்பீர்கள். நோய் என்று எண்ணி மருந்து அடித்துவிடாதீர்கள். உள்ளே பருக்கத் தொடங்கியதும் பழைய தோல் இடம் கொடுக்க முடியாமல் வெடிப்பதுதான் அது. அதைக் கண்டதும் மண் அணையுங்கள், ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பழைய பையில் விட்டுவைத்த ஆறு செடிகளில் இரண்டு மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு வந்தன, மற்றவை அப்படியே நின்றுவிட்டன. புதிய பையில் 22-ஆம் நாள் நீங்கள் சொன்ன அந்தத் தோல் வெடிப்பைக் கண்டேன். முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் வேப்பெண்ணெய் தெளித்திருப்பேன். நேற்று, 49-ஆம் நாள், ஆறையும் பிடுங்கினேன். இலைகள் முன்பைவிடக் குட்டையாக இருந்தபோதிலும், நான்கு கிழங்குகள் 20 செ.மீ. நீளத்துக்கு நேராக இறங்கியிருந்தன. ஐந்தாவது நெடுக்கே வெடித்திருக்கிறது.

மறுமொழி 1:

நடுவில் சில நாட்கள் காயவிட்டு, பிறகு ஒரேயடியாக நீர் ஊற்றினீர்களா?

கேட்டவர்:

ஆம், மூன்று நாட்கள் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் பை நிறைய ஊற்றினேன். ஆறாவது கிழங்கு மட்டும் மீண்டும் கவட்டையாக வந்தது. இம்முறை நாற்று நடவைக் குறை சொல்ல வழியில்லையே என்று மண்ணைக் கழுவிப் பார்த்தேன். கவட்டையின் நடுவே கோலிக்குண்டு அளவில் ஒரு கல் இறுகப் பிடித்தபடி இருந்தது. கலவையைச் சலித்துவிட்டுத்தான் நிரப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.