கைரேகையும் சீன ராசியும் சேத்திப் பாத்தா கொணம் தெரியுமாங்க?

நொய்யல்கரை: ஏனுங்க, நான் பொறந்தது 1988 தை மாசம். ஒரு ஆப்ல போட்டா டிராகன், தைரியசாலி, நாலு பேர மேய்க்கிறவன்னு வருது, ஆனா எங்க அமுச்சி கையப் பாத்துப்போட்டு புத்தி ரேகை கீழ சாஞ்சு கெடக்குது, நீ கனவு காங்கிறவன் கண்ணுங்கறாங்க. எத நம்பறது?

கோபி மஞ்சக்காடு: வருசமே தப்புங்க. சீன வருசம் அமாவாசைக் கணக்கு, 1988ல பிப்ரவரி 17 தான் டிராகன் ஆரம்பம், தை அதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. நீங்க முயலுங்க! முயல்னா சாது, சூதானம்பாங்க. அமுச்சி சொன்னதோட ஒத்து வருதுல்ல?

சென்னிமலை தறி: எதச் சொன்னாலும் ஒத்து வர்ற மாதிரிதான் இருக்கும். உங்க கூட பத்தாவது படிச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு இதே முயலா இருப்பாங்க, எல்லாரும் சாதுவா?

கொடுமுடியான்: மிருகம் 12 மட்டும் இல்லீங்க, மரம் நெருப்பு மண்ணு உலோகம் தண்ணின்னு அஞ்சும் சேந்து 60 வருசச் சுத்து, நம்ம பிரபவ விபவ மாதிரியேதான். 1987 நெருப்பு முயல்.

நொய்யல்கரை: முயலா! ரெண்டு நாளா ஊட்டுல டிராகன்னு சவுண்டு உட்டுட்டு இருந்தனுங்க...