பாக் விரிகுடாவில் 1974 தந்த உரிமையை மீட்க முடியுமா?

பாகான் செராய் தோட்டத்தான்:
மலேசியாவில் நமது தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் தொடங்கிய வாதத்தை இங்கே தொடர்கிறேன். இராமேசுவரம் மீனவர்கள் எல்லை தாண்டியவர்கள் என்று பிடிக்கப்படும்போதெல்லாம், அவர்களுக்கு ஓர் உரிமை எழுத்தில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போன 1974 ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. தமிழக அரசு 1976 சனவரி 31 அன்று கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள் அந்த உரிமையை அடைத்துவிட்டன. கடலில் இறங்குகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்த இந்த ஏற்பாட்டை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன்.

யாழ்வழி ஆசிரியை:
தம்பி, மீனவரைக் கேட்கவில்லை என்ற உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் 6ஆம் பிரிவில் மீன்பிடிப்பு என்று வெளிப்படையாக எதுவும் இல்லை. அது கப்பல் போக்குவரத்தைக் குறிப்பது என்றே இலங்கை பொருள் கொள்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி, எது மரபு என்பதுதான். பாய்மர வள்ளத்தில் வந்தவர்கள் அனுபவித்த உரிமையை, அரசு ஊக்கத்தால் 1960களில் பெருகிய விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடிக்கு எப்படி நீட்டிப்பது? ஆழமற்ற அந்தக் கடலில் இழுவைமடி அடித்தரையையே வாரிக்கொண்டு போகிறது. போர்க்காலத் தடைகளால் கடலை இழந்திருந்த யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்கள் 2009க்குப் பிறகு தொழிலுக்குத் திரும்பியபோது, இரவில் விரித்த வலைகள் காலையில் அறுந்து கிடந்தன. அவர்களும் தமிழர்களே. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டப்படி தடை செய்தது, அவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகுதான்.

கோலா குராவ் மீன் வியாபாரி:
நம் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மலேசியாவும் இந்தோனேசியாவும் 1982இல் செய்துகொண்ட உடன்படிக்கை, மலேசியத் தீபகற்பத்துக்கும் சரவாக்குக்கும் இடைப்பட்ட இந்தோனேசிய நீர்ப்பரப்பில் நம் பாரம்பரிய மீனவர்களின் உரிமையை ஏற்றது. எந்தப் பகுதி, எவ்வகை மீன்பிடிப்பு என்பதையும் அது வரையறுத்தது. அதே இந்தோனேசியா, மலாக்கா நீரிணைச் சிறு மீனவர்களின் கொந்தளிப்புக்குப் பிறகு, புக்காட் துண்டா எனப்படும் இழுவைமடியை 1980இல் தடை செய்திருந்தது. எந்தப் பகுதி, எவ்வகை மீன்பிடிப்பு என்ற வரையறை பாக் விரிகுடா ஒப்பந்தத்தில் இல்லாததே கோளாறு. இன்னொன்றும் உண்டு: ஐக்கிய நாடுகளின் 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 51ஆம் பிரிவு, பாரம்பரிய மீன்பிடி உரிமையை மதிக்கும் கடமையை இந்தோனேசியா போன்ற தீவுக்கூட்ட நாடுகள்மீதே சுமத்துகிறது. அந்த வகையில் சேராத இலங்கையிடம் அதைக் காட்டி வாதாட இயலாது.

பாகான் செராய் தோட்டத்தான்:
இழுவைமடிக்காக நான் வாதாடவில்லை, அக்கா. விசைப்படகை விட்டு ஆழ்கடலுக்குப் போகத் தமிழகத்தில் 2017இல் வந்த திட்டத்தில், தொடக்கத்தில் 80 இலட்சம் ரூபாய் என மதிப்பிட்ட படகுக்கு 70 விழுக்காடு மானியம் அறிவிக்கப்பட்டது. மிச்சத்துக்கு வங்கிக் கடனும் கைப்பணமும் தேடவேண்டியவர்கள், அறியாத ஆழ்கடலுக்குத் துணிந்து இறங்க எத்தனை காலம் ஆகும்? அதுவரை பாம்பனிலிருந்து நாட்டுப்படகில் போகிறவர்களும் சேர்ந்தே கைதாகிறார்கள். நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் ஒரே சிறை என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

யாழ்வழி ஆசிரியை:
நாட்டுப்படகை வேறாகப் பார்க்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எத்தனை படகு, எந்த நாள், என்ன வலை என்பதை டில்லியும் கொழும்பும் மட்டும் தீர்மானித்தால், 1976இல் இராமேசுவரத்துக்கு நடந்தது இம்முறை யாழ்ப்பாணத்து வடமராட்சிக்கு நடக்கும். இழுவைமடி முதலில் நிற்கட்டும். பிறகு வடக்கு மீனவர் சங்கங்கள் மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொள்ளும் அளவுக்கே அனுமதி இருக்கட்டும். அதற்குக் குறைந்த எதற்கும் நான் உடன்படமாட்டேன், தம்பி.