டேய் மாமா! – காவிரிக்கரைக் கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் அடித்த கூத்து

ஐந்து வீடுகளிலிருந்து ஐந்து பேர் எழுதியவை இவை.

பாபநாசம் பக்கத்து மருமகள்

குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். மூன்று அண்ணன் தம்பி, ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் நடு மருமகள். மூன்று பேருக்கும் சேர்த்துப் பிள்ளைகள் ஏழு. மூத்தவள் ஒன்பதாவது படிக்கிறாள். கடைக்குட்டி இப்போதுதான் செருப்பைக் கால் மாற்றாமல் போடப் பழகுகிறது. நடுவில் இருக்கிற ஐந்தில் யார் யாருடைய பிள்ளை என்று வெளியாட்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

தனிக்குடித்தனத்தில் அம்மா கூடாது என்றால் கூடாதுதான். எங்கள் வீட்டில் மேல்முறையீட்டுக்கு ஆள் இருக்கிறது. அம்மா மறுத்தால் பெரியம்மா, பெரியம்மா மறுத்தால் சித்தி, எல்லோரும் கைவிரித்தால் திண்ணையில் அப்பாயி. இந்த வரிசையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. நடக்க ஆரம்பித்ததும் தானாகத் தெரிந்துவிடுகிறது.

மூத்த ஓரகத்தியின் மகனுக்கு நாலு வயது. சர்க்கரை போட்ட பால் என்றால் உயிர். காலையில் எழுந்ததும் அவன் அம்மாவிடம் ஒரு டம்ளர் குடிப்பான். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "சித்தி, பால்" என்பான். இன்னும் குடிக்கவில்லை போல என்று நானும் ஆற்றிக் கொடுப்பேன். அப்புறம் கொல்லையில் பாத்திரம் துலக்குகிற சின்னச் சித்தியிடம் போய் நிற்பான். மத்தியானம் சோறு இறங்காது. ஏன் இந்தப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது என்று மூன்று பேரும் தனித்தனியாகக் கவலைப்பட்டோம். ஒருநாள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து கீரை ஆய்ந்தபோதுதான் கணக்கு வெளியே வந்தது.

அதற்கு அப்பாயி ஒரு ஏற்பாடு செய்தார்கள். பால் குடித்த பிள்ளைக்கு நெற்றியில் திருநீறு. நெற்றி வெறுமையாக இருந்தால் மட்டும்தான் பால். கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தது. ஒரு காலையில் நெற்றியெல்லாம் ஈரம், முன்முடியிலிருந்து தண்ணீர் சொட்ட என் முன்னால் வந்து நின்றான். நெற்றி பளிச்சென்று இருந்தது. இரண்டு புருவ முடியிலும் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் திருநீறு ஒட்டியிருந்தது. "ஏண்டா முகமெல்லாம் ஈரம்?" என்றேன். "சாமி கும்பிடப் போறேன் சித்தி, அதான் கழுவினேன்" என்றான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் அரை டம்ளர் கொடுத்தேன். அந்தப் புருவத்துக்கே கொடுக்கலாம்.

இதைவிடப் பெரியது ஆடிப்பெருக்கு அன்று நடந்தது. டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், ஆடி 18 அன்று பெண்கள் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவோம். பிள்ளைகளுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம், சப்பரம்தான் முக்கியம். சின்ன மரச் சப்பரத்தில் சாமி படம் வைத்து, பூ சுற்றி, கயிறு கட்டித் தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் பூஜை அறைப் படங்களைத் தரமாட்டேன் என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முந்தின வருஷம் முருகர் படத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பசங்க சத்தம் காட்டாமல் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரே ஆரவாரம். எட்டிப் பார்த்தால் சப்பரத்தில் அப்பாயி! கூடத்தில் மாட்டியிருந்த அறுபதாம் கல்யாணப் படம். அதற்கு ஒரு சாமந்தி மாலை, நடுநெற்றியில் குங்குமம், முன்னால் ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி. உயிரோடு இருக்கிற மனுஷி படத்துக்கு மாலை போட்டு ஊர்வலம்! எதிர்வீட்டு அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடப்பாவிகளா, எப்ப?" என்று ஓடி வந்தார்கள். பின்னாலேயே இன்னும் நாலு பேர். என் கணவர் சட்டைகூடப் போடாமல் பாய்ந்து சப்பரத்தைப் பிடித்தார்.

யார் யோசனை என்று கேட்டதற்கு அந்தப் பால் திருடன்தான் முன்னால் வந்தான். "காலைலேர்ந்து எல்லாரும் அப்பாயி கால்லதானே விழுறீங்க? கால்ல விழுந்தா சாமிதானே?" என்றான். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்குள் அப்பாயியே தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். தன் படத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். "மாலை சின்னதா இருக்கே, வேற பூ இல்லையா?" என்று கேட்டார்கள். அப்புறம், "பாதியில நிறுத்தாதீங்க, ஆத்தங்கரை வரைக்கும் இழுத்துட்டு வாங்கடா" என்று அனுப்பிவைத்தார்கள். பெரியம்மா மட்டும் அன்று சாயங்காலம் அப்பாயிக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள்.

மன்னார்குடிப் பக்கத்துச் சித்தப்பா

மேலே உள்ள சப்பரக் கதையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் பங்குக்கு ஒன்று.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் தள்ளிப்போய், ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த ஒன்றரை மாதமும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு அதுதான். காலையில் அப்பா பேப்பரை விரித்தால் அணை நிலவரம். ராத்திரி டிவியில் அணை நிலவரம். அண்ணன் மகனுக்கு அப்போது ஐந்து வயது. கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு விளையாடுவதில் அவனுக்கு அலாதி பிரியம், அதற்காகத் தினம் ஒரு திட்டு வாங்குவான்.

திறப்பு விழாவை டிவியில் காட்டினார்கள். மதகு வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்கிறது, மேலே நின்று பூ தூவுகிறார்கள். எங்கள் அம்மா டிவியைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டார்கள். பையன் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "அவங்க அவ்ளோ தண்ணி தொறந்து விட்டா பூ போடுறீங்க. நான் கொஞ்சூண்டு தொறந்தா மட்டும் அடிக்க வர்றீங்க" என்றான்.

நியாயமான கேள்வி. அப்பா அவனை மடியில் உட்காரவைத்து, மேட்டூரிலிருந்து தண்ணீர் கல்லணைக்கு வர இரண்டு மூன்று நாளாகும், அங்கிருந்து வெண்ணாறு வழியாகப் பிரிந்து நம் வாய்க்காலுக்கு வரும், அதில்தான் நாற்று விடுவோம் என்று பொறுமையாக விளக்கினார். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மறுநாள் கொல்லைப்பக்கம் தண்ணீர் சத்தம். போய்ப் பார்த்தால் குழாய் முழுசாகத் திறந்திருக்கிறது. பக்கத்தில் முக்காலி மேல் நின்று, அம்மா வளர்க்கிற செம்பருத்தியை ஒவ்வொரு இதழாகப் பிய்த்துத் தண்ணீரில் தூவிக்கொண்டிருக்கிறான். கீழே அவன் தங்கை நின்று கைதட்டுகிறாள். குழாயடியிலிருந்து துணி துவைக்கிற கல் வரைக்கும் கரண்டியால் வாய்க்கால்கூட வெட்டியிருந்தான். அம்மாவுக்குத் தண்ணீர் போனதைவிட செம்பருத்தி போனதுதான் பெரிய வருத்தம்.

மயிலாடுதுறையில் வாக்கப்பட்டவள்

எங்கள் வீட்டில் தீபாவளி அன்று பிள்ளைகளை வரிசையாக மணை போட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பது என் நாத்தனார் வேலை. விடியற்காலை இருட்டு, கண்ணில் தூக்கம், கை தன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே போகும். ஒரு பையன் சீயக்காய் கண்ணில் பட்டு, "எங்கம்மா ஏற்கெனவே குளிப்பாட்டிட்டாங்க!" என்று கத்தினான். விளக்கைத் தூக்கிப் பார்த்தால் அடுத்த வீட்டுப் பையன். வெடி கேட்க வந்தவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அவன் அம்மாவும் சங்கடப்படவில்லை. "பரவாயில்ல, இன்னொரு தடவை அழுக்குப் போகட்டும்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். எங்கள் வீட்டுப் புதுச்சட்டைதான் போட்டுவிட்டோம், இரண்டு வெடிக்கட்டும் கொடுத்தோம்.

திருவாரூர் மாவட்டத்துப் பெரிய மகள்

மாமா கதை சொல்கிறேன். பெரிய குடும்பத்தில் மட்டும்தான் இது நடக்கும்.

என் மகளுக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடு. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். எனக்கு ஒரே தம்பி, சிங்கப்பூரில் வேலை. டிக்கெட்கூடப் போட்டுவிட்டான், கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. நாள் குறித்தாகிவிட்டது, சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தம்பி முறை இருக்கிற வேறு யாரையாவது உட்காரவைக்கலாம் என்று பார்த்தால், ஒருவன் பரீட்சையில், ஒருவன் துபாயில். கடைசியில் சித்தியின் கடைக்குட்டி மகன் ஒருவன்தான் ஊரில் இருந்தான். எனக்குத் தம்பி முறை, என் மகளுக்கு மாமன் முறை. இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

"முறைதானே முக்கியம், வயசா?" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். அவனுக்குக் குட்டி வேட்டி, இடுப்பில் நிற்காததால் மேலே அவன் ஸ்கூல் பெல்ட். சீர்த்தட்டு முன்னால் நடந்து வந்தான். அத்தனை பேரும் "மாமன் வர்றாரு, வழி விடுங்க" என்றதும் நெஞ்சு நிமிர்ந்து போனது. மணையில் உட்காரவைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் தடவிய பிள்ளையை மடியில் வைத்தோம். கனம் தாங்காமல் பின்னாலிருந்து சித்தப்பா இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். மாமன் முகத்தில் இருந்த களை எல்லாம் போய்விட்டது. மெதுவாக, "யாருக்குக் குத்தப் போறீங்க?" என்று கேட்டான். "பாப்பாவுக்குத்தான் தம்பி." "எனக்கு இல்லையே?" "இல்ல." "சத்தியமா?" ஆசாரி சத்தியம் செய்தார். முதல் காது குத்தியதும் என் மகள் வீலென்று ஒரு கத்து கத்தினாள், வாயில் சர்க்கரை வைத்ததும் அடங்கிவிட்டாள். மாமன்தான் அடங்கவில்லை. "பாப்பாவுக்கு ரத்தம் வருது, விடுங்க, விடுங்க" என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை. இரண்டாவது காதைக் குத்தவே விடமாட்டேன் என்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். அந்தக் கையைப் பிரிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வீடியோ காலில் சிங்கப்பூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியும் அழுதுவிட்டான், அவன் எதற்கு அழுதான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பொடியன் பொறுப்பான தாய்மாமன். என் மகளை யாராவது அதட்டினால், "நான் மாமன் இருக்கேன், என்கிட்ட சொல்லுங்க" என்று நடுவில் வந்து நிற்பான். என் அக்கா முறையில் ஒருத்தியின் மகள் ஏழாவது படிக்கிறாள். அவளுக்கும் இவன் மாமாதான். மரியாதையாகக் கூப்பிடச் சொல்லி வீட்டில் வற்புறுத்தினார்கள். மரியாதையும் கெடக்கூடாது, தன் மானமும் போகக்கூடாது என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். கொல்லையில் நின்று கூப்பிடுவது தெருவுக்கே கேட்கும்: "டேய் மாமா, சாப்பிட வாடா!"

திருத்துறைப்பூண்டித் தாத்தா

பேரன் பேத்திகள் எங்கள் வாசலில் ஆடும் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அம்மா அப்பா விளையாட்டு, டீச்சர் விளையாட்டு எல்லாம் பழசு. சம்பா அறுவடை முடிந்த தையிலிருந்து இவர்களுக்கு நெல் கொள்முதல் நிலைய விளையாட்டுதான்.

மணல்தான் நெல். கிழிந்த தலையணை உறைதான் சாக்கு. என் மூக்குக்கண்ணாடிக் கூடுதான் ஈரப்பதம் பார்க்கிற மெஷின். மூத்த பேத்திக்கு எட்டு வயது, அவள்தான் அங்கே எல்லாம். மற்றதுகள் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். 40 கிலோ என்று அவளே வாயால் எடை போடுவாள். நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இங்கே விவசாயி வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் பாடம். நாங்கள் மூட்டையைப் பிரித்துத் திரும்பக் காயவைத்ததை எல்லாம் கூடவே இருந்து பார்த்திருக்கிறார்கள்.

கடைசிப் பேரன் மூன்று வயது. மழை பெய்த மறுநாள் ஈர மணலை அள்ளிக்கொண்டு வந்தான். அவள் கண்ணாடிக் கூட்டை மணலில் குத்தினாள், காதருகே வைத்துக் கேட்டாள், உதட்டைப் பிதுக்கினாள். "இருபத்திரண்டு. காயவச்சு எடுத்துட்டு வாங்க." அவன் மூட்டையை இழுத்துக்கொண்டு போய் வெயிலில் கொட்டி, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றான். "போனா மாடு தின்னுடும்" என்றான். அவன் அப்பன் களத்தில் உட்காருவது போலவே தலையில் துண்டு வேறு.

எனக்கு மனசு கேட்கவில்லை. பேத்தியிடம் போய், "சின்னப் பிள்ளைம்மா, எடுத்துக்கயேன்" என்று சிபாரிசு பண்ணினேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல், நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே சொன்னாள்: "பெரியவரே, வரிசையில வாங்க. டோக்கன் இருக்கா?"